எண்பதாண்டுக் கணக்கு

(படிப்பகக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை, வாசகர்க்கென எழுத்து வடிவில்)



கெட்ட காலம் எப்போது தீரும் என்று கேட்பவனுக்கு விடை சொல்ல நம் நாட்டில் என்றைக்கும் ஆள் பஞ்சம் இருந்ததில்லை. ஏழரைச் சனி விலகட்டும் என்பார் ஒருவர். குருப்பெயர்ச்சி வரட்டும் என்பார் இன்னொருவர். பிரபவ முதல் அட்சய ஈறாக அறுபது ஆண்டுகளுக்கும் பெயரிட்டு, ஒவ்வொன்றுக்கும் பலன் எழுதி, அச்சடித்து விற்பார் மற்றொருவர். விளைச்சல் இல்லையா? ஆண்டின் பெயர் சரியில்லை! வேலை கிடைக்கவில்லையா? கிரகம் சரியில்லை! இந்தக் கணக்கில் ஆள்வோர் மட்டும் எப்போதும் சரியாகவே இருப்பர்.

இத்தகைய பேச்சுகளை எள்ளி நகையாடி வளர்ந்தவர்கள் நாம். ஆயினும் இன்று நான் எடுத்துக்கொண்ட கணக்கு வேறு வகையைச் சார்ந்தது. ஓலைச் சுவடியிலிருந்து எடுத்ததன்று. அமெரிக்க நாட்டின் புகழ்வாய்ந்த பல்கலைக்கழகங்களில் பயின்ற வில்லியம் ஸ்ட்ராஸ், நீல் ஹோவ் எனும் இருவர், 1991-இல் ‘தலைமுறைகள்’ என்று பொருள்படும் ஒரு நூலும், 1997-இல் ‘நான்காம் திருப்பம்’ என்று பொருள்படும் மற்றொரு நூலும் எழுதி, அக்கணக்கை உலகின்முன் வைத்தனர். முதல் நூலைப் படித்து மகிழ்ந்த ஆல் கோர், பின்னாளில் அந்நாட்டின் துணைக் குடியரசுத் தலைவராக விளங்கியவர், காங்கிரஸ் மன்ற உறுப்பினர்களுக்கு அதன் படிகளை வழங்கினார். அக்கோட்பாட்டில் உள்ளம் பறிகொடுத்த ஸ்டீவ் பானன் என்பார் 2010-இல் அதனை அடியொற்றித் திரைப்படமே எடுத்தார். 2017-இல் குடியரசுத் தலைவர் டிரம்பின் தலைமை வியூக வகுப்பாளராக வெள்ளை மாளிகையில் அமர்ந்தார். மிதவாதியும் வலதுசாரியும் ஒரே பஞ்சாங்கத்தைப் புரட்டிய விந்தையைப் பார்த்தீர்களா!

கணக்கு இதுதான். மனிதனின் நெடிய வாழ்நாள் ஏறத்தாழ 80 ஆண்டு. அதனை நான்காகப் பகுத்தால் ஒவ்வொரு பகுதியும் 20 ஆண்டுக்குச் சற்று முன்பின்னாக வரும். ஒரு நாட்டின் வரலாறும் அவ்வாறே நான்கு பருவங்களாகச் சுழலுகிறதாம். முதலில் ஏற்றம்: மக்கள் ஒன்றுபட்டு, அரசு வலுப்பெற்று, ஊரெங்கும் கட்டடங்கள் எழும் காலம். அடுத்தது விழிப்பு: இளைஞர் மூத்தோரை எதிர்த்து, ஆன்ம விடுதலை பேசும் காலம். மூன்றாவது சிதைவு: அவரவர் நலம் அவரவர்க்கு என்றாகி, நிறுவனங்கள் உளுத்துப்போகும் காலம். நான்காவது நெருக்கடி: பழைய கட்டமைப்பு இடிந்து, புதியது எழ வேண்டிய காலம். பின்னர் மறுபடியும் ஏற்றம். குளிர்காலத்துக்குப் பின் வசந்தம் வருவது போல!

அமெரிக்க வரலாற்றை அவர்கள் பகுத்துக் காட்டும் முறை இது. 1773 முதல் 1794 வரை விடுதலைப் போர்க் கால நெருக்கடி. 1860 முதல் 1865 வரை உள்நாட்டுப் போர் நெருக்கடி. 1929 முதல் 1946 வரை பொருளாதாரப் பெருவீழ்ச்சியும் இரண்டாம் உலகப் போரும் சேர்ந்த நெருக்கடி. நான்காவது, 2008-இல் தொடங்கி இன்றளவும் நடப்பது.

எண்களைக் கூட்டிப் பார்ப்பவனுக்கு உடல் சிலிர்க்கத்தான் செய்யும். 1776-இல் விடுதலைப் பிரகடனம். 1861-இல் உள்நாட்டுப் போர். இடையில் 85 ஆண்டுகள். 1941-இல் பேர்ல் துறைமுகத் தாக்குதல். இடையில் 80 ஆண்டுகள். அதனோடு மேலும் 80 கூட்டினால் 2021! அவ்வாண்டு சனவரி 6-ஆம் நாள், தேர்தல் முடிவை ஏற்க மறுத்த கும்பல் அந்நாட்டு நாடாளுமன்றக் கட்டடத்தின் கதவுகளையும் சாளரங்களையும் உடைத்துக்கொண்டு புகுந்ததை உலகமே கண்டது. 1863-இல் கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் பேசிய லிங்கன்கூட, நாடு பிறந்து 87 ஆண்டுகள் ஆயின என்று எண்ணித்தானே தம் பேச்சைத் தொடங்கினார்!

இத்தகைய எண்ணம் புதிதன்று. 14-ஆம் நூற்றாண்டில் துனிசு நகரில் பிறந்த இபின் கல்தூன் எனும் பேரறிஞர், அரச குலங்களின் ஆயுளைத் தலைமுறையால் அளந்தார். தலைமுறைக்கு 40 ஆண்டு. மூன்று தலைமுறையில் குலம் தேயும் என்றார். பாலைவனத்தில் பசியோடு வந்து அரியணை பிடித்தவனின் பேரன், பட்டு மெத்தையில் புரண்டு அதை இழப்பான் என்பது அவர் கண்ட நடைமுறை. அவர் கண்முன் எழுந்து விழுந்த ஆட்சிகள் பல. ஆகவே அதைக் கற்பனை என்று தள்ளிவிடுவதற்கில்லை.

ஸ்ட்ராஸ், ஹோவ் ஆகியோர் கூற்றிலும் ஒரு மெய்ம்மை உண்டு. அதனை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். துன்பம் பட்டவன் இறந்துபோனால், அத்துன்பம் கற்பித்த பாடமும் அவனோடு புதைகுழிக்குப் போகிறது என்பதே அது.

1929 அக்டோபரில் நியூயார்க்குப் பங்குச் சந்தை சரிந்தது. 1930-க்கும் 1933-க்கும் இடையே அமெரிக்காவில் ஏறத்தாழ 9,000 வங்கிகள் மூடப்பட்டன. உழைத்துச் சேர்த்த பணத்தை வங்கியில் இட்டவன் ஒருநாள் காலையில் சென்றான். கதவில் பூட்டுத் தொங்கிற்று. 1933-இல் உழைப்பவரில் நால்வரில் ஒருவருக்கு வேலை இல்லை. அவ்வாண்டு மார்ச்சு 4-ஆம் நாள் பதவியேற்ற பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், நாட்டின் வங்கிகளனைத்தையும் சில நாள் மூடிவைத்துத்தான் ஆட்சியையே தொடங்க வேண்டியிருந்தது. அந்தச் சூட்டில் பிறந்தன இரு ஏற்பாடுகள். மக்களின் வைப்புப் பணத்தைக் காக்கும் வங்கி, பங்குச் சந்தையில் சூதாடும் வேலையைச் செய்யலாகாது என்று பிரித்தது ஒன்று. வங்கி மூழ்கினாலும் எளியவனின் வைப்புப் பணத்தை ஒரு வரம்பு வரை திருப்பிக் கொடுக்கக் காப்புறுதிக் கழகம் அமைத்தது மற்றொன்று.

முதலாவது ஏற்பாட்டின் முதன்மைப் பகுதிகளை 1999 நவம்பரில் நீக்கினார்கள். 1929-இல் இருபது அகவை இளைஞனாக இருந்தவன் அப்போது தொண்ணூறு அகவைக் கிழவன். பூட்டிய கதவின் முன் நின்றவர்களில் எத்தனை பேர் அன்றைய நாடாளுமன்றத்தில் அமர்ந்திருந்திருக்க முடியும்? ஒன்பதே ஆண்டுகளில், 2008 செப்டம்பர் 15 அன்று, லீமன் பிரதர்ஸ் எனும் பெருநிறுவனம் திவாலாயிற்று. சட்டத்தை நீக்கியதுதான் அவ்வீழ்ச்சிக்குக் காரணம் என்பாரும் உளர். இல்லை, வேறு காரணங்களே பெரிது என்பாரும் உளர். அந்த வழக்கு நமக்கு இங்கே வேண்டா. அச்சம் மறைந்த வேளையில் அணையின் கல்லைப் பெயர்த்தார்கள் என்பது வரை உண்மை.

ஆனால் தோழர்களே, இரண்டாவது ஏற்பாடு என்னாயிற்று? அது நின்றது. 1934-இல் நடைமுறைக்கு வந்த வைப்புக் காப்புறுதி, அதை இயற்றியோர் அனைவரும் மறைந்த பின்னும் உயிரோடிருந்தது. 2008-இல் இண்டிமேக் எனும் வங்கி மூழ்கியபோது அதன் வாயிலில் மக்கள் வரிசையில் நின்றார்கள், கலங்கினார்கள். எனினும் காப்புறுதி வரம்புக்குட்பட்ட பணத்தில் ஒரு காசும் எவர்க்கும் குறையவில்லை. தாத்தாவின் துன்பத்தைக் காதால்கூடக் கேட்டறியாத பேரனை, தாத்தாவின் காலத்துச் சட்டம் காத்தது. தலைமுறை மாண்டால் நினைவும் மாளும் என்பவர்கள் இதற்கு என்ன விடை கூறுவர்? நினைவு மூளையில் மட்டும் குடியிருப்பதன்று. சட்டத்திலும் சங்கத்திலும் அது குடியிருக்கிறது.

நீக்கப்பட்ட சட்டமும் மறதியினால் மட்டுமா நீங்கிற்று? 1998-இல் சிட்டிகார்ப் எனும் வங்கிக் குழுமமும், டிராவலர்ஸ் எனும் காப்பீட்டுக் குழுமமும் இணைந்தன. அந்த இணைப்பு நிலைத்திருக்க வேண்டுமானால் பழைய தடை அகல வேண்டியிருந்தது. மறுவருடம் அகன்றது. மறந்தவர்கள் பலர் இருக்கலாம். நன்றாக நினைவு வைத்திருந்து, காத்திருந்து, காய் நகர்த்தியோரும் இருந்தனர்!

இனிக் கணக்கின் ஓட்டைகளுக்கு வருவோம். அவற்றை விரைவாகவே சொல்லி முடிக்கலாம். 1917-18-இல் முதல் உலகப் போரில் அமெரிக்கர் ஒரு இலட்சத்துப் பதினாறாயிரம் பேர் மாண்டனர். அதே வேளையில் பரவிய நச்சுக் காய்ச்சலில் ஆறே முக்கால் இலட்சம் பேர் மாண்டனர். அது நெருக்கடிக் காலம் அன்றாம். அட்டவணையில் அவ்வாண்டுகள் ‘சிதைவு’ எனும் கட்டத்துள் வருகின்றனவாம். ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட உள்நாட்டுப் போரோ, இருபது ஆண்டு ஓட வேண்டிய பருவத்தை ஐந்தே ஆண்டில் முடித்துக்கொண்டது. அக்காலத்தில் தோன்றியிருக்க வேண்டிய ‘வீரத் தலைமுறை’ தோன்றவேயில்லை என்று நூலாசிரியர்களே எழுதுகின்றனர். மூன்று முறை நடந்ததாகக் காட்டி, அந்த மூன்றில் ஒன்று விதிவிலக்கு என்று ஒதுக்கிவிட்டால், மிஞ்சிய இரண்டைக் கொண்டு விதி செய்வதா? இங்கிலாந்தின் ரோசாப்பூப் போர்கள் வரை பின்னோக்கிச் சென்று எண்ணிக்கையைக் கூட்டுகிறார்கள். கடல் கடந்த வேறொரு நாட்டின், மன்னர் கால வரலாறு அது.

முடியும் நாளாவது நிலையாக நிற்கிறதா? 1997-இல் எழுதியபோது நெருக்கடி 2005-ஐ ஒட்டித் தொடங்கி 2026-ஐ ஒட்டி முடியும் என்றனர். ஸ்ட்ராஸ் 2007-இல் மறைந்தார். ஹோவ் 2023-இல் மற்றொரு நூல் எழுதினார். இந்நெருக்கடி எப்படி, எப்போது முடியும் என்பதே அதன் துணைத் தலைப்பு. விடை: 2030-களின் தொடக்கத்தில்! 2005 என்றது 2008 ஆனதைப் பிழை என்று நான் பெரிதுபடுத்தவில்லை. பத்தாண்டு முன்னமே எழுதிவைத்தவர்க்கு அது பாராட்டத்தக்க நெருக்கமே. ஆனால் விடியும் நாளைத் தள்ளிவைக்கும் வழக்கம் நமக்குப் பழக்கமான வழக்கந்தானே!

இவையெல்லாம் எண்ணைப் பற்றிய தருக்கம். என்னை உறுத்துவது வேறொன்று. நெருக்கடி முடிந்தது, முடிந்தது என்கிறார்களே, எவருக்கு முடிந்தது?

1865-இல் முடிந்ததாம். அவ்வாண்டில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. ஏறத்தாழ 40 இலட்சம் பேர் விலங்கு நீங்கினர். 1870-இல் வாக்குரிமைக்கு நிறம் தடையாகலாகாது என்று அரசியலமைப்பு திருத்தப்பட்டது. அதே ஆண்டில் மிசிசிப்பி மாநிலத்திலிருந்து ஹைரம் ரெவல்ஸ் எனும் கறுப்பர் செனட் அவையில் அமர்ந்தார். மெய்யாகவே விடியல் போலத்தான் இருந்தது. பின்னர் நடந்தது என்ன? 1873-இல் லூசியானாவின் கோல்பாக்ஸ் ஊரில், சரணடைந்த கறுப்பரையும் கூட்டமாகச் சுட்டுக் கொன்றனர். 1877-இல் தென்மாநிலங்களில் அவர்களுக்குக் காவலாயிருந்த கூட்டரசின் படை விலகிற்று. 1890-இல் மிசிசிப்பி தன் அரசியலமைப்பை மாற்றி, வாக்களிக்க வரியும் எழுத்தறிவுத் தேர்வும் வைத்து, கறுப்பரின் கையிலிருந்த சீட்டைப் பறித்தது. அட்டவணையை எடுத்துப் பாருங்கள்: 1865-க்குப் பிந்தைய இருபதாண்டுக்கு அங்கே எழுதியிருக்கும் பெயர் ‘ஏற்றம்’!

அடுத்த நெருக்கடி 1946-இல் முடிந்ததாம். அந்த ஆண்டு பிப்ரவரி 12-ஆம் நாள், ஐசக் உட்வர்ட் எனும் கறுப்பின இராணுவச் சார்ஜண்டு, போர்ப் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டு, சீருடையோடு பேருந்தில் ஏறி வீடு திரும்பிக்கொண்டிருந்தார். ஓட்டுநரோடு சிறு வாய்ச்சொல். தென் கரோலினாவின் ஓர் ஊரில் பேருந்து நின்றது. காவலர் அவரை இறக்கினர். தடியால் கண்ணில் அடித்தனர். இரு விழிகளும் போயின. அடித்த காவல் தலைவரை, வெள்ளையர் மட்டுமே அமர்ந்த நடுவர் குழு அரைமணி நேரத்துக்குள் குற்றமற்றவர் என்று விடுவித்தது. உலகப் போரில் வென்று திரும்பிய வீரத் தலைமுறையில் ஒருவர்தாம் உட்வர்ட். நாட்டுக்கு வசந்தம் பிறந்த ஆண்டில் அவருக்கு உலகம் இருண்டது.

1935-இல் வந்த சமூகக் காப்புச் சட்டம், முதுமையில் உழைப்பாளிக்கு ஓய்வூதியம் தந்த அருஞ்சட்டம். அதிலும் வயலில் உழைப்பவனும், பிறர் வீட்டில் ஏவல் செய்பவளும் தொடக்கத்தில் சேர்க்கப்படவில்லை. அந்நாளில் கறுப்பினத் தொழிலாளரில் பெரும்பாலோர் செய்த வேலை அவ்விரண்டுமே. நாடு முழுமைக்கும் ஒரே பருவம் என்று எழுதுகிறவன், மாளிகையின் மாடத்தில் நின்று வானம் பார்ப்பவன்.

இதனை முன்பே உணர்ந்தவர் கார்ல் மான்ஹைம். 1928-இல் தலைமுறை பற்றி அவர் எழுதிய ஆய்வுரை இத்துறைக்கு மூலக்கல். ஒரே காலத்தில் பிறந்தோர் ஒரே நிகழ்ச்சியைக் கண்டாலும், ஒரே தலைமுறைக்குள் எதிரெதிரான அணிகளாகப் பிரிந்து நிற்பர் என்று அவர் அன்றே எழுதினார். எழுதிய ஐந்தாம் ஆண்டில், நாசிகள் அவரைப் பிராங்க்பர்ட்டுப் பல்கலைக்கழகப் பதவியிலிருந்து நீக்கினர். அவர் இங்கிலாந்து சென்று வாழ நேர்ந்தது.

அமெரிக்காவில் அதற்குச் சான்று தேடினால், மிச்சிகன் மாநிலத்து பிளிண்ட் நகருக்குப் போக வேண்டும். 1936 டிசம்பர் 30 அன்று, ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலைத் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். வெளியே வந்து கோடை வெயிலிலா நின்றார்கள்? பனிக்காலம் அது. ஆலைக்குள்ளேயே எந்திரங்களின் அருகே அமர்ந்துகொண்டனர்; கார் இருக்கைகளில் உறங்கினர். எந்திரத்தை விட்டு அகன்றால் வேறு ஆளை வைத்து ஓட்டிவிடுவான் முதலாளி என்பது அவர்கள் அறிந்த உண்மை. காவலர் கண்ணீர்ப் புகை வீசினர். உள்ளிருந்தோர் குழாய் நீரைப் பீய்ச்சியும் இரும்புத் துண்டுகளை எறிந்தும் விரட்டினர். ஆளுநர் பிராங்க் மர்பி படையை அனுப்பினார். ஆனால் தொழிலாளரை வெளியேற்ற அதை ஏவ மறுத்தார். உள்ளே அமர்ந்த இளைஞனும், வெளியே துப்பாக்கியோடு நின்ற இளைஞனும் ஒரே தலைமுறைதான். அவர்களைப் பிரித்தது பிறந்த ஆண்டன்று. நாற்பத்து நான்காம் நாள், 1937 பிப்ரவரி 11 அன்று, நிறுவனம் சங்கத்தை ஏற்று ஒப்பமிட்டது.

நெருக்கடி தீர்ந்தது என்றால் இப்படித்தான் தீர்ந்தது: ஓர் ஆலையில், ஒரு சட்டத்தில், ஓர் ஒப்பந்தத்தில். முழுமையாகத் தீர்ந்ததா என்றால், இல்லை. 1940-இல்கூட நூற்றுக்குப் பதினான்கு பேருக்கு மேல் வேலையற்றிருந்தனர். அந்த வேலையின்மையைத் துடைத்தது போர் உற்பத்தி. அப்போரில் மாண்ட அமெரிக்கர் நான்கு இலட்சத்துக்கும் மேல். உலகில் மாண்டோர் பல கோடி.

இங்கேதான் இக்கணக்கு ஏட்டுச் சுரைக்காயாக நில்லாமல் நஞ்சாக மாறக்கூடும். கடந்த நெருக்கடிகளெல்லாம் பெரும்போரில் உச்சமுற்றே முடிந்தன என்கிறது அந்நூல். ஆராய்ச்சியாளன் அதைச் சொன்னால் அது எச்சரிக்கை. ஆட்சியாளனின் காதருகே அமர்ந்தவன் அதை நம்பினால்? இடிந்தால்தான் எழும் என்று நம்புகிறவன் இடிப்பதற்குத் தயங்கமாட்டான். 1865-இல் போர் பீரங்கியோடு முடிந்தது. 1945 ஆகஸ்டில் இரு நகரங்களைச் சாம்பலாக்கி முடிந்தது. இன்றைய அணு ஆயுதக் கிடங்குகளை வைத்துக்கொண்டு அதே சுழற்சியின் உச்சத்தை எதிர்பார்ப்பது, வசந்தம் வரும் என்று காட்டுக்கே தீ வைப்பதாகும்.

இன்னும் ஒரு செய்தியைக் கூறி நிறுத்திக்கொள்கிறேன்.

1925 முதல் 1942 வரை பிறந்த அமெரிக்கரை ‘ஊமைத் தலைமுறை’ என்று அழைக்கிறது அட்டவணை. 1951-இல் ‘டைம்’ ஏடு சூட்டிய பெயர் அது. அடங்கிப் போவோர், ஒத்துப் போவோர் என்பது பொருள். மார்ட்டின் லூதர் கிங் பிறந்தது 1929-இல்! கறுப்பின உரிமைப் போரின் தலைவர்கள் இத்தலைமுறையில் தோன்றியதை நூலாசிரியர்களும் அறிவர். ஆயினும் பெயர் பெயராகவே நிற்கிறது.

அவ்வூமைகளில் ஒருவர் ஜான் லூயிஸ். 1940-இல் அலபாமா மாநிலத்தில், உழவர் குடியில் பிறந்தவர். 1965 மார்ச்சு 7-ஆம் நாள், செல்மா நகரப் பாலத்தின்மீது வாக்குரிமை கேட்டு நடந்தோரின் முன்வரிசையில் சென்றார்; அகவை இருபத்தைந்து. மாநிலக் காவலரின் தடி அவர் மண்டை ஓட்டைப் பிளந்தது. ஐந்து மாதத்தில், ஆகஸ்டு 6 அன்று, வாக்குரிமைச் சட்டம் ஒப்பமாயிற்று. பாகுபாடு காட்டி வந்த மாநிலங்கள் தேர்தல் விதிகளை மாற்றுவதாயின், கூட்டரசின் முன் ஒப்புதல் பெற வேண்டும் என்றது அச்சட்டம். 1865-இல் தீர்ந்ததாக எழுதப்பட்ட கணக்கு, நூறாண்டு கழித்துச் சற்றே தீர்ந்தது.

அந்த முன் ஒப்புதல் முறை எந்தெந்த மாநிலத்துக்கு என்று வரையறுத்த பிரிவை, 2013 சூன் 25 அன்று, ஐவருக்கு நால்வர் என்ற பெரும்பான்மையில் உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. நாடு மாறிவிட்டது; பழைய அளவுகோல் இன்றைக்குப் பொருந்தாது என்பது பெரும்பான்மையோர் கூறிய காரணம். துன்பம் பட்டவர் இறந்த பின்னரே பாடம் மறக்கப்படும் என்கிறது எண்பதாண்டுக் கணக்கு. அன்று எண்பதாண்டு ஆகவில்லை, நாற்பத்தெட்டே ஆண்டு. துன்பம் பட்டவரும் இறந்துவிடவில்லை. ஜான் லூயிஸ் அந்த நீதிமன்றத்துக்கு எதிர்த்தெருவில், நாடாளுமன்ற உறுப்பினராக அமர்ந்திருந்தார். தீர்ப்பு வந்த சில மணி நேரத்துக்குள், அதுவரை தடுத்துவைக்கப்பட்டிருந்த வாக்காளர் அடையாளச் சட்டத்தை நடைமுறைப்படுத்தப் போவதாக டெக்சாஸ் மாநிலம் அறிவித்தது.

லூயிஸ் 2020 சூலை 17-இல் மறைந்தார். மறையும் வரையில், பறிபோன அந்தப் பிரிவை மீட்கும் சட்டமுன்வடிவுக்காக அவையில் போராடிக்கொண்டிருந்தார். அவர் பெயரையே தாங்கிய அம்முன்வடிவு, 2021-இல் கீழவையில் நிறைவேறியது. செனட் அவையைக் கடக்கவில்லை.